குற்றவியல் படிக்கும் பிள்ளைகளை வாசலிலேயே நிறுத்தாதீர்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் பாலக்கோடு பக்கத்துக்காரன். 1988-ல் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து, 2023-ல் சிறப்பு எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்றேன். தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் ஒரே மாவட்டமாக இருந்தபோதும், 2004-ல் பிரிந்த பிறகும், இந்த மண்ணிலேயே பதினோரு ஸ்டேஷன் பார்த்திருக்கிறேன். இப்போது ஒன்றரை ஏக்கரில் தக்காளியும் ராகியும் போட்டுக்கொண்டு வீட்டோடு இருக்கிறேன்.

என் மகள் வயிற்றுப் பேத்தி கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் பி.ஏ. குற்றவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். இந்தக் கோடை விடுமுறையில் அவளுக்குப் பதினைந்து நாள் களப்பயிற்சி. சொந்த மாவட்டத்திலேயே செய்கிறேன் என்று ஆசையாக வந்தாள். அவளுக்கு நடந்தது எனக்கு மனசில் அறுத்துக்கொண்டே இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் முதலில் இந்தப் படிப்பு என்ன என்பதை நம் ஊர் ஆட்களுக்குச் சொல்லியாக வேண்டும். எனக்கே தெரியாமல்தானே இருந்தது.

பிளஸ் டூ முடித்ததும் குற்றவியல் படிக்கப் போகிறேன் என்று அவள் சொன்னபோது வீட்டில் ஆளுக்கு ஒன்று நினைத்தோம். என் மருமகன் மகள் வக்கீலாகப் போகிறாள் என்று எண்ணிக்கொண்டார். அதில் அவர் தப்பு ஒன்றுமில்லை. கோர்ட்டு வாசலில் ‘குற்றவியல் நடுவர் நீதிமன்றம்’ என்று போர்டு தொங்குகிறது. அந்தக் குற்றவியலும் இந்தக் குற்றவியலும் ஒன்றுதான் என்று யாருக்கும் தோன்றும். அக்கம்பக்கத்தில் ‘எஸ்.ஐ. வேலைக்கா?’ என்று கேட்டார்கள். நான், ரேகை எடுப்பது, ரத்தக்கறையைப் பரிசோதிப்பது என்று நினைத்திருந்தேன். அது தடய அறிவியல். வேதியியல், இயற்பியல், உயிரியல் படித்தவர்கள் ஆய்வகத்தில் செய்கிற வேலை. குற்றவியல் படிப்பில் அதைப் பற்றியும் கொஞ்சம் சொல்லித் தருவார்கள், அவ்வளவுதான்.

குற்றவியல் கேட்கிற கேள்வியே வேறு. இந்தக் குற்றம் ஏன் இந்த இடத்தில் நடக்கிறது? ஏன் இவர்களுக்கே திரும்பத் திரும்ப நடக்கிறது? செய்தவன் ஜெயிலுக்குப் போய் வந்த பிறகு என்ன ஆகிறான்? பறிகொடுத்தவர் என்ன ஆகிறார்? சட்டம் போட்டும் ஏன் நிற்கவில்லை? சமூகவியல், உளவியல், சட்டம், புள்ளிவிவரம் எல்லாம் கலந்த படிப்பு இது. நம் நாட்டில் 1959-லேயே மத்தியப் பிரதேசத்தில் சாகர் பல்கலைக்கழகத்தில் இதற்கென்று துறை தொடங்கிவிட்டார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்திலும், திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் குற்றவியல் துறை இருக்கிறது. கல்லூரி ஆசிரியர் வேலைக்கான ‘நெட்’ தேர்வில் குற்றவியல் தனிப் பாடம். 35 வருடம் காக்கி போட்ட எனக்கு இதெல்லாம் பேத்தி சொல்லித்தான் தெரியும்.

முதல் வருடம் பொங்கல் லீவுக்கு வந்திருந்தாள். விடிகாலை நாலரை மணிக்கு நான் தக்காளிக் கூடைகளை எக்ஸெல் வண்டியில் கட்டிக்கொண்டு மண்டிக்குக் கிளம்பினேன். நானும் வருகிறேன் என்று பின்னாலேயே அவள் அம்மாவின் ஸ்கூட்டரில் வந்தாள். நாங்கள் போன மண்டிக்கு வெளியே, ரோட்டோரப் புளியமரத்தடியில், ஒரே இருட்டில் நாற்பது ஐம்பது வண்டிகள் நின்றன. பாதி வண்டியில் சாவி தொங்கியது. கூடையை இறக்கியவர்கள் ஏலம் முடிந்து துண்டுச்சீட்டு வாங்கும்வரை வெளியே வரமாட்டார்கள். ‘இங்க வண்டி திருட்டுப் போகுமா தாத்தா?’ என்றாள். ‘போகாமலா! வருசத்துக்கு நாலு கேஸ் நானே எழுதியிருக்கேன்’ என்றேன். ‘அப்ப என்ன செய்வீங்க?’ என்றாள். பழைய ஆட்களைக் கூட்டி வந்து விசாரிப்போம், கிடைத்தால் கிடைக்கும் என்றேன்.

அவள் தக்காளிப் பெட்டி மேல் நோட்டை வைத்து ஒரு படம் போட்டாள். மின்கம்பம் எங்கே, அதன் வெளிச்சம் எதுவரை விழுகிறது, டீக்கடை எந்தப் பக்கம், வண்டிகள் எந்தப் பக்கம் என்று. பிறகு சொன்னாள்: 1979-ல் கோஹன், ஃபெல்சன் என்று இரண்டு அமெரிக்க சமூகவியல்காரர்கள் ஒரு கருத்தை எழுதினார்கள். திருட நினைக்கிற ஆள், திருடுவதற்கு வாகான பொருள், பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத நிலை. இந்த மூன்றும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் கூடினால்தான் குற்றம் நடக்கும், ஒன்றை எடுத்துவிட்டாலும் நடக்காது என்றார்களாம். கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடமும் நாங்கள் முதலாவதையே துரத்திக்கொண்டிருந்தோம். இரண்டாவதும் மூன்றாவதும் கண்ணெதிரே புளியமரத்தடியில் நின்றுகொண்டிருந்தன. மண்டிக்காரரிடம் பேசினேன். வண்டிகளை டீக்கடைப் பக்கம் நிறுத்தச் சொல்லி, ஒரு விளக்கும் போட்டார். அதற்கு எந்தச் சட்டப்பிரிவும் தேவைப்படவில்லை.

இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. அடுத்து சொல்லப்போவது எனக்குப் பெருமை தரக்கூடியதும் அல்ல.

‘கேடி’ என்ற வார்த்தையை நம் ஊரில் சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்லும். அது எங்கள் ஸ்டேஷன் ரெஜிஸ்டரிலிருந்து வந்த வார்த்தை. ‘நோன் டெப்ரடேட்டர்’, அதாவது அறியப்பட்ட கொள்ளைக்காரன் என்று வெள்ளைக்காரன் வைத்த பெயரின் இரண்டு முதலெழுத்து. அந்தப் பட்டியலில் பெயர் ஏறினவன் கேடி. நான் வேலை பார்த்த ஒரு ஸ்டேஷனில், ஊர் வேண்டாம், பூட்டிய வீட்டில் திருட்டு என்று புகார் வந்தால் ஜீப் முதலில் போவது ஒரே இடத்துக்குத்தான். குறவர் மக்கள் இருபது குடும்பம் குடிசை போட்டிருந்த இடம். சம்பவ இடத்துக்குப் போவதற்கு முன்னாலேயே அங்கே போன நாளும் உண்டு. இரண்டு மூன்று பேரை ஏற்றிக்கொண்டு வருவோம். பெண்கள் ஜீப் பின்னாலேயே ஓடி வருவார்கள்.

இதை ஒருநாள் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பேத்தி கேட்டாள்: ‘ஏன் தாத்தா முதல்ல அங்க போனீங்க?’

எனக்குப் பதில் வரவில்லை. எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் போனார்கள், நாங்களும் போனோம். அவள்தான் எனக்குச் சரித்திரத்தைச் சொன்னாள். 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டு வந்தார்கள். 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சாதியில் பிறந்தாலே குற்றவாளி என்று எழுதி வைத்த சட்டம். ஊரை விட்டுப் போனால் சொல்லிவிட்டுப் போக வேண்டும், ராத்திரி வந்து கைநாட்டு வைக்க வேண்டும். நம் மாகாணத்தில் 1947-லும், நாடு முழுக்க 1952 ஆகஸ்ட் 31-லும் அதை ஒழித்தார்கள். இன்று சீர்மரபினர் என்று சர்டிபிகேட் வாங்குகிறவர்களில் பலரும் அந்தச் சட்டத்தில் மாட்டிய சமூகங்களின் வாரிசுகள்தான். நாடு முழுக்கச் சட்டம் போய் 36 வருடம் கழித்து வேலைக்குச் சேர்ந்த நான், அந்தச் சட்டத்தின் வழியிலேயே ஜீப்பில் போயிருக்கிறேன்.

அதே பாடத்தில் லொம்ப்ரோஸோ என்று ஓர் இத்தாலி டாக்டர் வருகிறார். 1876-ல், குற்றவாளி பிறவியிலேயே வேறு மாதிரி இருப்பான், தாடை, நெற்றி, காது பார்த்தே சொல்லிவிடலாம் என்று எழுதியவர். பிறகு சார்லஸ் கோரிங் என்ற ஆங்கிலேயர் ஆயிரக்கணக்கான கைதிகளை அளந்து பார்த்து, அப்படி ஒரு தனி வார்ப்பு இல்லவே இல்லை என்று 1913-ல் காட்டினார். ‘திருட்டு முழி’ என்று நாங்கள் சொல்வோமே, அது 1913-லேயே செத்துப் போன கருத்து என்று நான் 62 வயதில் தெரிந்துகொண்டேன். பயிற்சிப் பள்ளியில் யாராவது இதை ஒரு மணி நேரம் சொல்லியிருந்தால் எத்தனை பேர் வீட்டில் அடுப்பு அணையாமல் இருந்திருக்கும் என்று ராத்திரியில் யோசிப்பேன்.

இன்னொன்று. இதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். 1990-களில் நம் மாவட்டத்துக்குப் பெண் சிசுக்கொலையால் எப்படிப்பட்ட பெயர் இருந்தது என்பது வயதானவர்களுக்குத் தெரியும். வேண்டாம் என்று விடுகிற பெண் குழந்தையை அரசே வாங்கி வளர்க்கிற தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992-ல் சேலத்தில் தொடங்கி, 2001-ல் தர்மபுரிக்கும் கொண்டு வந்தது. இடைப்பட்ட காலத்தில் ஒரு வழக்கில் நான் காவலராகக் கூடப் போனேன். கிராமத்து நர்ஸ் சொல்லித்தான் தகவல் வந்தது. வீட்டுக்குப் பின்னால், துவரைச்செடிக்கு ஓரமாகத் தோண்டினார்கள். தாசில்தார், டாக்டர் எல்லாரும் இருந்தார்கள். ஒரு பழைய புடவைத் துணியில் சுற்றியிருந்தது. அம்மாவைக் கைது செய்து ஜீப்பில் ஏற்றினோம். பிரசவமாகிப் பத்து நாள்கூட ஆகாத உடம்பு. அவளுக்கு மூத்ததும் பெண். மூன்று வயது இருக்கும். அந்தப் பிள்ளை ஜீப்பின் பின்கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. விரல் விரலாக எடுத்துவிட்டது நான்தான்.

வழக்கில் அந்தப் பெண் மட்டும் குற்றவாளி. புருஷனும் மாமியாரும் சாட்சிகள்.

பேத்திக்கு இரண்டாம் வருடத்தில் பாதிக்கப்பட்டோரியல் என்று, குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி ஒரு பாடம். அதற்கு ஒரு கட்டுரை எழுத என்னிடம் பழைய வழக்குகளைக் கேட்டாள். இதைச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, ‘அந்த மூணு வயசுப் பிள்ளை என்ன ஆச்சு தாத்தா?’ என்றாள். எங்கள் கேஸ் கட்டில் அதற்கு ஒரு கட்டமே கிடையாது. எஃப்.ஐ.ஆர். இருக்கும், மகசர் இருக்கும், பிரேதப் பரிசோதனை ரிப்போர்ட் இருக்கும், சாட்சி வாக்குமூலம் இருக்கும். அந்தப் பிள்ளை அன்றைக்கு ராத்திரி யார் வீட்டில் சாப்பிட்டது என்பதற்கு இடம் இல்லை.

பாதிக்கப்பட்டவர் என்றால் யார் என்று நம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் எழுதியதே 2009 கடைசியில்தான். அதுவரைக்கும் எங்களுக்குப் புகார்தாரர் தெரியும், சாட்சி தெரியும், பாதிக்கப்பட்டவர் என்று தனியாக ஒரு ஆள் தெரியாது. அந்தத் திருத்தத்தோடுதான் இழப்பீட்டுக்கும் பிரிவு வந்தது. இப்போது 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டங்கள். அதிலும் இழப்பீடு இருக்கிறது. புலன்விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் பாதிக்கப்பட்டவருக்குச் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. ஏழு வருடமோ அதற்கு மேலோ தண்டனை வரக்கூடிய குற்றம் என்றால் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே வர வேண்டும் என்று இருக்கிறது. அதை நடைமுறைக்குக் கொண்டு வர மாநிலங்களுக்கு ஐந்து வருடம் அவகாசம். நானும் பேத்தியும் திண்ணையில் உட்கார்ந்து இதைப் படிப்போம். கொலைக்கு நான் பழைய பிரிவு 302 என்பேன், அவள் புதிய பிரிவு 103 என்பாள். ஊரில் ஏமாற்றுக்காரனை ‘நானூத்தி இருபது’ என்று சொல்கிறோமே, அது இப்போது 318. இப்படி எண்களை மாற்றுவது லேசு. பாதிக்கப்பட்டவரிடம் போய் ‘உங்களுக்கு இந்த உரிமை இருக்கும்மா’ என்று சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆட்களைத்தான் இந்தப் படிப்பு தயார் செய்கிறது.

அரூர் பக்கத்து மலைவாழ் மக்கள் கிராமமான வாச்சாத்தியைப் பற்றிச் சொல்லாமல் நம் மாவட்டத்தில் இந்தப் பேச்சைப் பேச முடியாது. 1992 ஜூன் 20. வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து சந்தனக்கட்டைச் சோதனை என்று அங்கே போனது. 18 பெண்களுக்கு நடந்த பாலியல் வன்கொடுமையை நான் இங்கே விவரித்து எழுதவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். வழக்கு நடக்கும்போதே 54 பேர் இறந்துவிட, மிச்சம் 215 பேரும் குற்றவாளிகள் என்று தர்மபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29-ல் தீர்ப்புச் சொன்னது. சரியாகப் பன்னிரண்டு வருடம் கழித்து, 2023-ல் அதே தேதியில், சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்து, அந்தப் பெண்களுக்குத் தலா 10 லட்சம் கொடுக்கச் சொன்னது. நான் அந்தச் சோதனைக்குப் போகவில்லை. ஆனால் அதே உடுப்பைத்தான் போட்டிருந்தேன். கோயம்புத்தூரில் பேத்தியின் வகுப்பில் இந்த வழக்கைப் பாடமாக எடுத்தபோது, ‘உங்க ஊரா?’ என்று மற்றப் பிள்ளைகள் அவளைக் கேட்டார்களாம். அவள் அன்றைக்கு முடிவு செய்திருக்கிறாள், களப்பயிற்சியை நம் மாவட்டத்தில்தான் செய்ய வேண்டும் என்று.

அப்படித்தான் வந்தாள். துறைத் தலைவர் கையெழுத்தும் கல்லூரி முத்திரையும் போட்ட கடிதம் கையில். நான்கு பக்கத்தில், என்ன பார்க்க விரும்புகிறேன், எதைப் பார்க்க மாட்டேன், யார் பெயரையும் எழுத மாட்டேன் என்று அவளே தயாரித்த திட்டமும் கையில். ஓர் அலுவலகத்துக்குப் போனாள். எந்த அலுவலகம் என்று நான் எழுதப் போவதில்லை. ஒருவரைக் குறை சொல்லி ஆகப் போவது ஒன்றுமில்லை. மாடிப்படிக்குக் கீழே ஒரு பெஞ்சு. முதல் நாள் காலை பத்திலிருந்து மாலை ஐந்துவரை அதில் உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் உள்ளே கூப்பிட்டு, கடிதத்தைப் பிரிக்காமலே, ‘இங்க எல்லாம் ரகசியம்மா, பொம்பளப் பிள்ளை வந்து என்ன பார்க்கப் போற, ஊருக்குப் போய்ப் பரீட்சைக்குப் படி’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இன்னோர் அலுவலகத்தில் மேலே உத்தரவு வாங்கி வா என்றார்கள். மேலே போனால் அப்படி ஒரு நடைமுறையே இல்லை என்றார்கள். ஒன்பது நாள் போய்விட்டது.

நான் போன் எடுத்தேன். எனக்குத் தெரிந்தவர்கள் இன்னும் சர்வீஸில் இருக்கிறார்கள். ஒரு வார்த்தை சொன்னால் நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். பேத்தி போனை வாங்கிக் கீழே வைத்துவிட்டாள். ‘உங்க பேரைச் சொல்லி நான் உள்ள போயிடுவேன் தாத்தா. ஏரியூர்ல இருந்து ஒரு பிள்ளை வந்தா அவ யார் பேரைச் சொல்லுவா?’ என்றாள்.

மிச்சம் இருந்த ஆறு நாளும் அவள் கோர்ட்டுக்குப் போனாள். கோர்ட்டு எல்லாருக்கும் திறந்த இடம். பாலியல் வன்கொடுமை போன்ற சில வழக்குகளை மட்டும் மூடிய அறையில் நடத்துவார்கள். மற்றபடி யார் வேண்டுமானாலும் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கலாம், சட்டமே அப்படித்தான் சொல்கிறது. அவள் அங்கே வழக்கைப் பார்த்ததைவிட வராந்தாவைத்தான் அதிகம் பார்த்திருக்கிறாள். அவள் நோட்டில் ஒரு பக்கத்தை அவள் அனுமதியோடு சொல்கிறேன். பென்னாகரம் பக்கத்து மலைக்கிராமத்திலிருந்து ஓர் அம்மா, அடிதடி வழக்கில் சாட்சி. இடுப்பில் கைக்குழந்தை. காலை ஐந்து மணி பஸ்ஸுக்கு வந்திருக்கிறார். பத்தே முக்காலுக்கு வராந்தாவில் உட்கார்ந்தார். பன்னிரண்டே காலுக்கு, கூப்பிட்டார்களா என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். ஒரு மணிக்குக் குழந்தைக்குப் பன் வாங்கிக் கொடுத்தார். மூன்றே காலுக்கு வாய்தா என்று சொன்னார்கள். அந்த அம்மாவுக்கு இது நாலாவது நடை. சாட்சிக்குப் படி உண்டு என்பது அவருக்குத் தெரியவில்லை, யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை. நடுவில் நீதிபதி முன்னால் அந்த வழக்குக்குச் செலவான நேரம் இரண்டு நிமிடம்.

நான் கோர்ட்டு டூட்டி மட்டும் ஆறு வருடம் பார்த்தவன். அந்த வராந்தாவில் ஆயிரம் தடவை நடந்திருப்பேன். சாட்சி பல்டி அடித்துவிட்டான், சாட்சி வரவில்லை என்று ஆத்திரப்பட்டிருக்கிறேன். அவர்கள் எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்கள் என்று ஒரு தடவையும் பார்த்ததில்லை. இருபது வயதுப் பிள்ளை ஆறே நாளில் பார்த்துவிட்டது. இப்படிப் பார்க்கிற கண்ணை உள்ளே விடாமல் பெஞ்சில் உட்கார வைத்து அனுப்புகிறோமே என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

ஆகவே என் வேண்டுகோள் இது. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்ட நிர்வாகமும், காவல்துறையும், சட்டப்பணிகள் ஆணைக்குழுவும், குழந்தைகள் பாதுகாப்பு அலகும் சேர்ந்து களப்பயிற்சிக்கென்று ஒரு நடைமுறையை எழுதி வைக்கட்டும். யாரிடம் விண்ணப்பம் கொடுப்பது, எத்தனை நாளில் பதில் வரும், ஒரே சமயத்தில் எத்தனை பேர் என்பது அதில் இருக்கட்டும். ரகசியம் என்று அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. போக்சோ வழக்கில் குழந்தையின் அடையாளம் வெளியே கசியவே கூடாது. விசாரணை நடக்கிற கேஸ் கட்டைப் பிள்ளைகள் தொட வேண்டியதும் இல்லை. ஆனால் புகார் கொடுக்க வருகிறவர் எவ்வளவு நேரம் நிற்கிறார், புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கையில் வாங்கிக்கொண்டு போகிறாரா, குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குக் குழந்தைத் திருமணம் என்று போன் வந்தால் எத்தனை மணி நேரத்தில் ஆள் போகிறார், அப்புறம் அந்தப் பெண்பிள்ளை பள்ளிக்கூடம் திரும்புகிறதா, இதையெல்லாம் பார்ப்பதில் என்ன ரகசியம்? நம் இரண்டு மாவட்டத்திலும் குழந்தைத் திருமணம் இன்னும் நிற்கவில்லை. ஸ்கேன் மெஷினைத் தூக்கிக்கொண்டு போய் ஆணா பெண்ணா என்று சொல்லிப் பிடிபட்ட கும்பல்களைப் பற்றி உங்கள் பேப்பரிலேயே படித்திருக்கிறோம். இதையெல்லாம் ஆராய்வதற்கு வெளியூரிலிருந்து ஆள் வர வேண்டாம். இங்கேயே பிறந்த பிள்ளைகள் படித்துவிட்டு வாசலில் வந்து நிற்கிறார்கள்.

கல்லூரிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளையின் கையில் ஒரு கடிதத்தைக் கொடுத்து, நீயே போய் இடம் பிடி என்று அனுப்பாதீர்கள். முன்கூட்டியே அலுவலகங்களோடு பேசி, எழுத்தில் வாங்கிக்கொண்டு அனுப்புங்கள். சில கல்லூரி விளம்பரங்களில் பூதக்கண்ணாடியும் துப்பாக்கியும் போட்டு, படித்து முடித்ததும் சி.பி.ஐ. வேலை என்பதுபோலக் காட்டுகிறார்கள். அது சரியில்லை. எஸ்.ஐ. தேர்வுக்கு ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் போதும், குற்றவியல் படித்தவருக்கு நேராக வேலை என்று எதுவும் இல்லை. ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். தேர்வின் விருப்பப் பாடப் பட்டியலில் குற்றவியல் கிடையாது. சேர்க்கும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும்.

பெற்றோர்கள் என்னைத் தேடி வந்து கேட்கிறார்கள், பேத்தியை விட்டிருக்கிறீர்களே, எங்கள் பிள்ளையை விடலாமா என்று. நான் சொல்வது: நேரில் போய்ப் பாருங்கள். பட்டம் எந்தப் பல்கலைக்கழகத்துடையது, பாடம் நடத்துகிறவர்கள் குற்றவியலிலேயே படித்தவர்களா, களப்பயிற்சிக்கு எங்கே அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள். மூன்று வருடம் முடித்துச் சட்டம் படிக்க வேண்டும் என்றால் இப்போது தர்மபுரியிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. சமூகப்பணி, உளவியல் பக்கம் மேலே படிக்கலாம், ஆராய்ச்சிக்குப் போகலாம். குழந்தைகள் நலம், பெண்களுக்கான உதவி மையம், சிறையிலிருந்து வருகிறவர்களின் மறுவாழ்வு என்று வேலை இருக்கிற இடங்கள் உண்டு, சம்பளம் பெரிதாக இருக்காது. பிள்ளைக்கு மனசு அதில் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். பொம்பளப் பிள்ளைக்கு எதற்கு இந்தப் படிப்பு என்று கேட்காதீர்கள். ராத்திரி ஒரு பெண் அழுதுகொண்டு ஸ்டேஷனுக்கு வந்தால் பாரா ட்யூட்டியில் நிற்கிற எங்களைப் பார்த்துப் பாதி வார்த்தையை முழுங்கிவிடுவாள். அந்தப் பாதியைக் கேட்க யாராவது இருக்க வேண்டும்.

அடுத்த களப்பயிற்சி டிசம்பரில் வருகிறது. அதற்கான விண்ணப்பத்தை பேத்தி இப்போதே எழுதி முடித்துவிட்டாள். தொட்டில் குழந்தைத் திட்டம் வந்த காலத்தில் நம் மாவட்டத்தில் வேலை பார்த்த கிராமத்து நர்ஸ்களைச் சந்தித்துப் பேச வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். அன்றைக்குத் தகவல் சொன்ன நர்ஸம்மா இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்று நான் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். கிடைத்தால் முதல் கேள்வியாக அந்த மூன்று வயதுப் பிள்ளையைப் பற்றிக் கேட்கப் போகிறாளாம். விண்ணப்பத்தை எந்த அலுவலகத்தில், யார் கையில் கொடுப்பது என்பது மட்டும் எங்களுக்கு இன்னும் தெரியவில்லை. தெரிந்தவர்கள் உங்கள் பத்திரிகை வழியாகவே சொன்னால் நன்றியுள்ளவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சிறப்பு எஸ்.ஐ.,
பாலக்கோடு வட்டம், தர்மபுரி மாவட்டம்.